பழைய போனை அவசரப்பட்டுக் கொடுத்து விடாதீர்கள்!

புதிய செல்போன் வாங்கப் போகிறீர்களா? நல்லது. தாராளமாக வாங்குங்கள். ஆனால், ஒரு வார்த்தை. பழைய போனை அன்றைக்கே கையை விட்டு விடாதீர்கள்!

"பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக் கொள்கிறார்களே! அதை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு நாள் அப்படித்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, என் தாயாரை அழ வைத்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

அப்பாவின் குரல்

என் தகப்பனார் 2021-ம் ஆண்டு காலமானார். எழுத்துக்களைத் தேடித் தேடித் தட்டும் பொறுமை அவருக்குக் கிடையாது. 'வாட்ஸ்அப்'பில் பொத்தானை அழுத்திப் பேசி அனுப்பி விடுவார்.

"பஸ் ஏறிட்டேன்."

"மாத்திரை போட்டியா?"

"கத்தரிக்காய் பிஞ்சா இருக்கு. ஒரு கிலோ வாங்கட்டுமா?"

இவ்வளவுதான் அவர் அனுப்பும் சேதி. உயிரோடு இருந்தபோது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் போன பிறகு அம்மாவுக்கு அதுவே பெரிய சொத்தாகி விட்டது. மாலையில் விளக்கு ஏற்றுவாள். பிறகு வாசல் படியில் உட்கார்ந்து, இரண்டு மூன்று பதிவுகளைக் கேட்பாள். கேட்டு முடித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய் விடுவாள். தினமும் இது நடக்கும்.

2024-ம் ஆண்டு தீபாவளிக்கு அம்மாவுக்குப் புதிய போன் வாங்கிக் கொடுத்தேன். பழைய போனின் கண்ணாடி உடைந்திருந்தது. பாட்டரியும் நிற்கவில்லை. கடையில் இருந்தவர், "எல்லாத்தையும் இதுல மாத்திட்டேன் சார்" என்றார். திறந்து பார்த்தேன். போன் நம்பர்கள் வந்திருந்தன. பேரன், பேத்தி படங்கள் வந்திருந்தன. "சரி" என்று தலையை ஆட்டினேன். என் கண் முன்னாலேயே பழைய போனை முழுவதும் அழித்து, வாங்கி வைத்துக் கொண்டார்கள். அதற்காகக் கழித்த தொகை 1,800 ரூபாய்.

மாலையில் விளக்கு ஏற்றினாள் அம்மா. புதிய போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சிறிது நேரத்தில் திரும்பி வந்தாள்.

"ஏம்ப்பா, அப்பா பேசினது எங்கே?"

தேடினேன். 'வாட்ஸ்அப்' வெறும் வீடாக இருந்தது! பழைய பேச்சு ஒன்று கூட இல்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பேச்சுக்களுக்கு மறுபிரதி எடுத்து வைக்கும் ஏற்பாடு பழைய போனில் முதல் நாளிலிருந்தே அணைந்து கிடந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு ஓடினேன். "அழிச்சது அழிச்சதுதான் சார்" என்றார்கள்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அம்மா தினமும் எதைக் கேட்கிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அது எனக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைதான் கொஞ்சமாவது காப்பாற்றினாள். எங்கள் குடும்பக் குழுவுக்கு அப்பா அனுப்பியவை அவள் போனில் இருந்தன. மொத்தம் 11 பதிவுகள். ஒவ்வொன்றாக அனுப்பி வைத்தாள். அம்மா வரிசையாகக் கேட்டாள். முடிந்ததும், "மாத்திரை போட்டியான்னு கேப்பாரே, அது இல்லையா?" என்றாள்.

அது இல்லை. அது அம்மாவுக்கு மட்டும் அனுப்பியது.

எல்லாம் சிம்மிலா இருக்கிறது?

பல பேர் ஒரு தப்பான எண்ணத்தில் இருக்கிறார்கள். "சிம் கார்டை எடுத்துப் புதிய போனில் போட்டால் எல்லாம் வந்து விடும்" என்று நம்புகிறார்கள்.

வராது! சிம் என்பது உங்கள் நம்பருக்கு அடையாளச் சீட்டு. அதில் சில நூறு பேர்களின் பெயரும் எண்ணும் வேண்டுமானால் இருக்கும். படம் சிம்மில் இல்லை. குரல் சிம்மில் இல்லை. 'வாட்ஸ்அப்' பேச்சும் சிம்மில் இல்லை. அவையெல்லாம் போனுக்குள்ளே இருக்கின்றன. போன் போனால் அவையும் போகும்.

ஒரு பொருளுக்கு ஒரே பிரதி இருந்தால், அது என்றைக்காவது போய்விடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழலாம். பஸ்ஸில் தொலையலாம். குழந்தை கீழே போடலாம். அதனால்தான் இன்னொரு பிரதி வேண்டும் என்கிறேன். அதுவும் வேறு இடத்தில் வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. ஓலைச்சுவடிக் காலத்து யோசனை! ஓலையைக் கரையான் அரிக்கும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினார்கள். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். ஓர் ஏட்டில் அழிந்த வரி இன்னோர் ஊர் ஏட்டில் கிடைத்தது. அப்படி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார். ஒரே ஓர் ஏடு இருந்து, அதையும் செல் அரித்திருந்தால் அவர்தான் என்ன செய்ய முடியும்?

பிரதி எடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. அது சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகளே இதில் கோட்டை விட்டிருக்கின்றன.

அமெரிக்காவில் 'பிக்ஸார்' என்ற படக் கம்பெனி இருக்கிறது. 1998-ம் ஆண்டு. 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தை எடுத்துக் கொண்டிருந்தார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் செய்யும் வேலை. ஒரு நாள் யாரோ அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்து விட்டார்கள். பார்த்துக் கொண்டிருக்கும்போதே கதாநாயகப் பொம்மையின் தொப்பி மறைந்தது. காலணி மறைந்தது. பிறகு பொம்மையே மறைந்தது! பதறிப்போய் கம்ப்யூட்டரை நிறுத்தினார்கள். அதற்குள் படத்தில் பெரும் பகுதி போய் விட்டது.

"கவலை இல்லை. மறுபிரதி இருக்கிறது" என்று எடுத்துப் பார்த்தார்கள். அந்த மறுபிரதி சரியாகப் பதிவாகவே இல்லை! அதுவரை யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

அப்போது காலின் சுஸ்மான் என்ற பெண்மணிக்கு ஒரு நினைவு வந்தது. அவர் அந்தப் படத்தின் தொழில்நுட்ப அதிகாரிகளில் ஒருவர். குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்து வந்தார். அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் ஒரு பிரதி இருந்தது. உடனே காரில் போனார்கள். கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். வேலை பிழைத்தது. 1999-ல் படம் வெளியாயிற்று.

அங்கே ஒரு தாயின் வீட்டுக் கம்ப்யூட்டர் காப்பாற்றியது. இங்கே என் தங்கையின் போன் காப்பாற்றியது. இரண்டிலும் ஆபத்துக்கு உதவியது, இன்னொரு வீட்டில் இருந்த இன்னொரு பிரதிதான்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

புதிய போன் வாங்குவதற்கு முதல் நாள் இரவு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, கணக்கு. 'ஆண்ட்ராய்டு' போன் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒரு 'கூகுள்' கணக்கு இருக்கும். "கடைப் பையன் ஏதோ போட்டுக் கொடுத்தான். எனக்குத் தெரியாது" என்பார்கள் பலர். இது பெரிய ஆபத்து. வீட்டுச் சாவியைக் கடைப் பையனிடம் கொடுத்தது மாதிரி! கணக்கின் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கண்டுபிடியுங்கள். ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். பாங்கி ரகசிய எண்ணை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

இரண்டாவது, 'வாட்ஸ்அப்'. அதில் 'செட்டிங்ஸ்' போய், 'சாட்ஸ்' என்பதைத் தொட்டால், 'சாட் பேக்கப்' என்று இருக்கும். 'பேக்கப்' என்றால் மறுபிரதி. கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது என்று அங்கேயே போட்டிருக்கும். தேதி இன்றையதாக இல்லாவிட்டால், 'பேக்கப்' பொத்தானை அழுத்துங்கள். வீடியோவும் வேண்டும் என்றால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதியும் உண்டு. பூட்டினால் சொல்லை மறக்கக் கூடாது. மறந்தால் 'வாட்ஸ்அப்' கம்பெனிக்காரர்களாலேயே திறக்க முடியாது.

'கூகுள்' இலவசமாகக் கொடுக்கும் இடம் 15 ஜி.பி. கடிதம், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். முன்பு 'ஆண்ட்ராய்டு' போனின் 'வாட்ஸ்அப்' பிரதியை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். 2024 முதல் அதையும் சேர்த்து விட்டார்கள். ஆகவே இடம் நிரம்பினால் பிரதி எடுப்பது நின்று விடும். காலை வணக்கம், ரோஜாப்பூ, காபிக் கோப்பை என்று தினமும் வந்து குவிகிறதே, அதை முதலில் அழியுங்கள். அப்பா குரலுக்கு இடம் கிடைக்கும்!

மூன்றாவது, படங்கள். 'கூகுள் போட்டோஸ்' போன்ற இடத்தில் வைக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. போனில் இடமில்லை என்று அந்தச் செயலிக்குள் போய் ஒரு படத்தை அழித்தால், போனிலும் அழியும், அங்கே சேமித்ததும் அழியும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆகவே கல்யாணப் படம், குழந்தையின் முதல் படம், பெரியவர்களின் படம் போன்ற முக்கியமானவற்றை ஒரு 'பென் டிரைவ்'விலும் எடுத்து வையுங்கள். அந்தப் பென் டிரைவை உங்கள் வீட்டிலேயே வைக்காமல், அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வைத்தால் இன்னும் உத்தமம்.

மாற்றுகிற நாள்

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சார்ஜில் போடுங்கள். புதிய போனைத் தொடங்கும்போதே, "பழைய போனிலிருந்து எடுத்துக் கொள்ளட்டுமா?" என்று அது கேட்கும். "ஆம்" என்று சொல்லுங்கள். நம்பர்களும் படங்களும் வந்து சேரும். 'வாட்ஸ்அப்'பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதே நம்பர், அதே கூகுள் கணக்கு இருந்தால், "பழைய பேச்சைக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்கும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போய் விடாதீர்கள்.

இரண்டும் ஒரே ஜாதிப் போனாக இருந்தால், ஒரு போனில் தெரியும் கட்டத்தை இன்னொரு போனால் படம் பிடித்து நேராகவே மாற்றலாம். 2023-ல் இந்த வசதி வந்தது. 'ஆண்ட்ராய்டு' போனிலிருந்து 'ஐபோன்' போகிறவர்களுக்கு, 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி இருக்கிறது. ஐபோனைப் புதிதாகத் தொடங்கும் சமயத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும்.

பணம் அனுப்பும் செயலிகள் இப்படி மாறி வராது. புதிய போனில் சிம்மைப் போட்டு, நம்பரை மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். அது உங்கள் பணத்துக்குக் காவல். புதிய போனில் முதல் நாள் பெரிய தொகை அனுப்ப முடியாமலும் போகலாம். ஆகவே காலேஜ் சம்பளம் கட்டுகிற நாளில் போனை மாற்றாதீர்கள். ரகசிய எண்ணை உதவிக்கு வந்தவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

எல்லாம் முடிந்ததா? இப்போது சோதனை. மிகப் பழைய படம் ஒன்றைத் தேடித் திறவுங்கள். மிகப் பழைய பேச்சு ஒன்றைத் தேடுங்கள். ஒரு குரல் பதிவை ஓட விட்டுக் காதால் கேளுங்கள். "இருக்கிறது" என்று பட்டியல் காட்டினால் போதாது. கேட்க வேண்டும்!

ஒரு மாதம் வீட்டில் இருக்கட்டும்

இவ்வளவும் செய்த பிறகும், பழைய போன் ஒரு மாதம் பீரோவில் இருக்கட்டும். ஏதாவது விட்டுப் போயிருந்தால் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

"1,800 ரூபாய் நஷ்டமாகுமே! கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழசை வாங்கிக்கொண்டு புதிசைக் கொடுக்கும் திட்டத்தில், இரண்டு போனும் சேர்ந்து உங்கள் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பவர் வாசலில் நிற்பார். புதிசை நீட்டி, பழசைக் கேட்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் எதைச் சரிபார்ப்பது? ஆகவே இந்தத் திட்டத்தில் வாங்குகிறவர்கள், முதல் நாள் வேலையை இரண்டு மடங்கு ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும். வீட்டில் இன்னொருவர் போனுக்கு முக்கியமான படங்களையும் குரல்களையும் அனுப்பிவிட்டுத்தான் பழசை நீட்ட வேண்டும். கையில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள், அந்தத் தொகையை விட்டுவிட்டு, போனை வைத்துக் கொள்வதே மேல்.

கடைசியில் கொடுக்கும்போது, கணக்கை வெளியே எடுத்து, போனை முழுவதுமாக அழித்துக் கொடுங்கள். அழிக்காமல் கொடுத்தால் உங்கள் வீட்டுப் படம் யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. அழித்து விட்டால், இன்றைய போன்களில் அதைத் திரும்ப எடுப்பது நடக்காத காரியம். ஆகவே அழிப்பது எப்போதும் கடைசி வேலையாக இருக்க வேண்டும். நான் அதை முதல் வேலையாகச் செய்தேன்.

இது யார் வேலை?

இந்தப் பொறுப்பைக் கடையின் தலையில் கட்டக் கூடாது என்பது என் கருத்து. இது குடும்பத்து வேலை. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அவன் பாட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து, "முடிந்தது, இந்தா" என்று கொடுக்கக் கூடாது. "பாட்டி, இதில் உனக்கு எது முக்கியம்?" என்று முதலில் கேட்க வேண்டும். அவள் சொல்வது நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். கத்தரிக்காய் விலையைப் பற்றிய பதிவாக இருக்கலாம். அதுதான் அவளுக்குப் பொக்கிஷம்.

பெரியவர்களும் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். 'பேக்கப்' தேதியைப் பார்க்கத் தெரிந்தால் போதும். காலண்டரில் தேதி பார்க்கத் தெரிந்த யாருக்கும் அது தெரியும்.

இறந்து போனவர்களின் கணக்கையும் மறக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கை அழித்துவிட 'கூகுள்' கம்பெனிக்கு உரிமை உண்டு. 2023 டிசம்பரிலிருந்து அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் தகப்பனார், தாயார் கணக்கில் படங்கள் இருந்தால், காலம் கடத்தாமல் அவற்றை எடுத்து வையுங்கள்.

என் அம்மா இப்போதும் விளக்கு ஏற்றிய பிறகு வாசலில் உட்காருகிறாள். அந்த 11 பதிவுகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறாள். அவை இப்போது அவள் போனில் இருக்கின்றன. என் போனில் இருக்கின்றன. தங்கை வீட்டில் ஒரு பென் டிரைவிலும் இருக்கின்றன.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். சாப்பாடு முடிந்ததும் அம்மாவின் போனை வாங்கி, அந்தத் தேதியைப் பாருங்கள். புதிய போன் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம்.